கேர் ஹோமில் உடன் வேலை செய்பவர் முதியவரிடம் தவறாக நடந்துகொள்வதைப் பார்த்தேன். அவரைப் பற்றி எப்படிப் புகார் செய்வது?

உங்கள் கேள்வியில் இரண்டு நிகழ்வுகள் இருக்கின்றன. இரவுப் பணியில் உங்களோடு இருந்த பெண், மறதிநோய் உள்ள ஒரு பாட்டியின் அழைப்பு மணியை அவர் கைக்கு எட்டாதபடி எடுத்து மேசை மேல் வைத்தார். இன்னொரு நாள், எழுந்து வர மறுத்த அதே பாட்டியை மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். அந்தப் பெண்தான் இங்கிலாந்தில் உங்களுக்கு இந்த வேலையைப் பற்றிச் சொன்னவர், வந்த புதிதில் தம் வீட்டில் தங்க வைத்தவர் என்பதால் புகார் எழுதக் கை வரவில்லை, எழுதினால் விசாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்றும் அஞ்சுகிறீர்கள். இதே இடத்தில் நான் ஒருமுறை நின்றிருக்கிறேன். அப்போது நான் செய்த பிழையையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் இருந்த இல்லத்தில், படுக்கையிலேயே இருக்கும் ஒரு அம்மாவை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும்; மாற்றியதும் அறையில் உள்ள சார்ட்டில் நேரத்தை எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஒரு நாள் இரவு 1.10 மணிக்கு நான் அந்த அறைக்குப் போனபோது, 2 மணி, 4 மணி, 6 மணிக்கான கட்டங்களில் ஏற்கெனவே கையெழுத்து இருந்தது. இட்டவர், எங்கள் எல்லோருக்கும் மூத்தவரான ஓர் அக்கா. கேட்டதற்கு, “தம்பி, இங்கே எல்லாரும் இப்படித்தான், நீ உன் வேலையைப் பார்” என்றார். நான் ஒன்பது நாள் பேசாமல் இருந்தேன். முதலில் குதிகாலில் அழுத்தினாலும் வெளுக்காத ஒரு சிவப்பு மட்டுமே இருந்தது. ஒன்பதாம் நாள் அதே இடத்தில் தோல் கிழிந்து புண்ணாகியிருந்தது. விசாரணையில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வியே “ஏன் ஒன்பது நாள்?” என்பதுதான். அதற்கு என்னிடம் இன்றும் சரியான பதில் இல்லை.

ஆகவே, இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் பார்த்ததை எழுதி வையுங்கள். தேதி, நேரம், எந்த அறை, யார் யார் இருந்தார்கள், நீங்கள் எங்கே நின்றிருந்தீர்கள், கண்ணால் என்ன பார்த்தீர்கள், காதால் என்ன சொல் கேட்டீர்கள் என்பவை மட்டும் போதும். என் முதல் வரைவில் “பொறுப்பில்லாதவர்”, “ஈவிரக்கமில்லாதவர்” என்றெல்லாம் எழுதியிருந்தேன். அதைப் படித்த மூத்த செவிலியர் ஒருவர் அந்தச் சொற்களை எல்லாம் அடித்துவிட்டு, 1.10 மணிக்குப் பார்த்த மூன்று கையெழுத்துகளை மட்டும் விட்டுவைத்தார். பின்னால் எல்லாம் அந்த மூன்று கையெழுத்துகளின் மேல்தான் நின்றது. உங்கள் கதையிலும் “மணி கட்டிலிலிருந்து இத்தனை அடி தள்ளி இருந்தது, பாட்டியால் எழுந்து நடக்க முடியாது” என்ற ஒரு வரிக்கு இருக்கும் வலு, “கொடுமைப்படுத்தினார்” என்பதற்கு இருக்காது. பாட்டியின் மணிக்கட்டில் கன்றியிருந்தால் சீனியரிடம் சொல்லி, உடலில் எங்கே என்ன காயம் என்று குறித்துவைக்கும் உடல் படமான பாடி மேப்பில் குறிக்கச் செய்யுங்கள். உங்கள் சொந்த போனில் படம் எடுக்க வேண்டாம், அது தனியாக ஒரு சிக்கலாகும். பாட்டியைத் துருவித் துருவிக் கேட்பதும், அந்தப் பெண்ணிடம் நீங்களே போய் நியாயம் கேட்பதும் வேண்டாம். உண்மை என்ன என்று கண்டுபிடிப்பது உங்கள் வேலையன்று. பார்த்ததைச் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்ப்பது மட்டுமே உங்கள் வேலை.

அந்த இடம் முதலில் மேனேஜர், அல்லது இல்லத்தின் சேஃப்கார்டிங், அதாவது துன்புறுத்தலிலிருந்து காப்பதற்கான பொறுப்பாளர். வாயால் சொன்னாலும், சொன்னதை அன்றே ஒரு மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடுங்கள். மேனேஜரே அந்தப் பெண்ணுக்கு நெருக்கமானவர் என்றாலோ, சொல்லியும் ஒன்றும் நடக்கவில்லை என்றாலோ, உள்ளூர் கவுன்சிலின் முதியோர் சேஃப்கார்டிங் பிரிவுக்கு நீங்கள் நேரடியாகவே சொல்லலாம். பராமரிப்புத் தேவையுள்ள ஒருவர் துன்புறுத்தலுக்கோ புறக்கணிப்புக்கோ ஆளாகிறார் அல்லது ஆளாகக்கூடும், அந்தத் தேவையினாலேயே தம்மைக் காத்துக்கொள்ளவும் அவரால் முடியவில்லை என்று கருத இடமிருந்தால், விசாரிக்க வேண்டிய கடமையை 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம், 42ஆம் பிரிவு, கவுன்சிலின் மேல் வைத்திருக்கிறது. சிக்யூசி எனப்படும் பராமரிப்புத் தர ஆணையத்துக்கும் தெரிவிக்கலாம். ஆனால் அது தனித்தனிப் புகார்களைத் தீர்த்துவைக்கும் அமைப்பன்று, இல்லத்தை எப்போது, எதைத் தேடி ஆய்வு செய்வது என்று முடிவெடுக்கவே உங்கள் தகவலைப் பயன்படுத்தும். உடனடி ஆபத்து என்றால் 999 என்ற அவசர எண்ணை அழையுங்கள்.

ஓரிடத்தில் சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடக் கூடாது என்பதற்கு இந்த நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. பிரிஸ்டலுக்கு அருகே வின்டர்போர்ன் வியூ என்ற மருத்துவமனையில், கற்றல் குறைபாடு உள்ளவர்களை ஊழியர்கள் அடித்துத் துன்புறுத்தியதை, அங்கே வேலை செய்த டெரி பிரையன் என்ற மூத்த செவிலியர் 2010 அக்டோபரில் மேனேஜருக்கு எழுதினார். தர ஆணையத்துக்கும் தெரிவித்தார். ஒன்றும் அசையாததால் அவர் பிபிசியிடம் போக, 2011 மே மாதம் பனோரமா நிகழ்ச்சியில் எல்லாம் வெளிவந்தது. பதினொரு ஊழியர்கள் தண்டிக்கப்பட்டார்கள், ஆறு பேர் சிறைக்குப் போனார்கள். இடைப்பட்ட அத்தனை மாதங்களும் அந்த நோயாளிகள் அங்கேதான் இருந்தார்கள்.

இனி விசா. பொதுநலன் கருதித் தகவல் தருபவரை 1998ஆம் ஆண்டுச் சட்டம் காக்கிறது. அதற்காக வேலையை விட்டு நீக்கினால், எத்தனை நாள் வேலை செய்தீர்கள் என்ற கணக்கில்லாமல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஆனாலும் உங்கள் அச்சம் வீண் அச்சம் என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் விசாவுக்கு ஆதாரமாக வேலை தருபவர் தரும் ஸ்பான்சர்ஷிப் முடிந்துவிட்டால், உள்துறை அமைச்சகத்தின் கடிதம் வந்தபின் வேறு ஸ்பான்சரைத் தேட வழக்கமாகக் கிடைப்பது 60 நாள்தான். அதனால்தான் மின்னஞ்சலாக எழுதச் சொல்கிறேன். புகாருக்கு முன் உங்கள் மேல் எந்தக் குறையும் சொல்லாதவர்கள் புகாருக்குப் பின் திடீரென்று சொல்லத் தொடங்கினால், அந்தத் தேதிகள்தான் உங்களுக்குத் துணை. புகார் எழுதும் முன்பே தொழிற்சங்கத்திடமோ, இதற்கென்றே இலவசமாக ஆலோசனை தரும் புரொடெக்ட் என்ற தொண்டு நிறுவனத்திடமோ பேசிவிடுங்கள். பெயர் சொல்லாமலும் புகார் தரலாம்தான், ஆனால் இரவில் இரண்டே பேர் இருக்கும் தளத்தில் அந்த மறைவு எத்தனை நாள் தாங்கும்?

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்ந்தவர்கள் நாம். உங்கள் நெஞ்சு அடைப்பது அதனால்தான் என்று எனக்குத் தெரியும். அக்கா போட்ட சோற்றை நானும் பல நாள் சாப்பிட்டிருக்கிறேன். அவர் வேலை போகவில்லை. இறுதி எச்சரிக்கையோடு பகல் பணிக்கு மாற்றப்பட்டார். முப்பத்து நான்கு பேருக்கு இரவில் இரண்டே பேர் என்பதும் அந்த விசாரணையில்தான் பேசப்பட்டது. அடுத்த மாதத்திலிருந்து மூன்றாவது ஆள் வந்தார். இதெல்லாம் நானாகக் கண்டுகொண்டவை. புகார் தந்தவருக்கு முடிவை முழுதாகச் சொல்லமாட்டார்கள், அதை எதிர்பார்க்காதீர்கள். அக்கா என்னோடு ஓராண்டுக்கும் மேல் பேசவில்லை.

வியாழன் இரவு மறுபடியும் அவரோடு பணி என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன்பே, புதன்கிழமை பகலில், மேனேஜரைத் தனியாகச் சந்திக்க நேரம் கேளுங்கள். வியாழன் இரவு பணிக்கு யார் வந்தாலும், முதல் சுற்றிலேயே அந்தப் பாட்டியின் மணி கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.