1, 2, 3 என்று எண்ணிக்கொண்டே போனால் எந்த எண்களில் நின்று பார்க்கலாம்?

முதலில் 6-இல் நில்லுங்கள். அதை மீதியின்றி வகுக்கும் சிறிய எண்கள் 1, 2, 3. கூட்டினால் மறுபடி 6! இப்படி அமைந்த அடுத்த எண் 28, அதற்கப்புறம் 496 வரை காத்திருக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது 26. அதன் இடப்பக்கம் 25, அதாவது 5-இன் வர்க்கம். வலப்பக்கம் 27, 3-இன் கனம். வர்க்கத்துக்கும் கனத்துக்கும் நடுவே இப்படி மாட்டிக்கொண்ட எண் வேறு எதுவுமே கிடையாது. 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா சொன்னது இது. எவ்வளவு தூரம் எண்ணினாலும் இன்னொன்று வராது என்பதை நிரூபித்தும் விட்டார்கள்.

சரி, 6174-க்குத் தாவுவோம். நாசிக் அருகே தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த காப்ரேக்கர் கண்டுபிடித்தது. 3524-ஐ எடுங்கள். இலக்கங்களை இறங்குவரிசையில் அடுக்கி, அதிலிருந்து ஏறுவரிசையைக் கழியுங்கள்: 5432 − 2345 = 3087. திரும்பவும் 8730 − 0378 = 8352. இன்னொரு முறை 8532 − 2358 = 6174. இனி எத்தனை முறை செய்தாலும் 6174தான். நான்கு இலக்கமும் ஒன்றாக இல்லாத எந்த நான்கிலக்க எண்ணும் அதிகபட்சம் ஏழு கழித்தலில் இங்கே வந்துவிடும். உங்கள் வண்டி எண்ணை வைத்துப் போட்டுப் பாருங்கள்.