ஒரே சீலிங் லைட்டுக்கு இரண்டு சுவிட்ச், ஒன்று சில நேரம்தான் வேலை செய்கிறது. கோளாறு எங்கே?

வாசல் பக்கம் ஒன்று, மாடிப்படி பக்கம் ஒன்று, வாசல் சுவிட்ச் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால்தான் படிப்பக்கத்து சுவிட்ச் கேட்கிறது, பல்ப் மாற்றியும் சரியாகவில்லை என்கிறீர்கள். பல்ப் பாவம், அது ஒன்றும் செய்யவில்லை. சில நேரமாவது ஒழுங்காக எரிகிற பல்பை மாற்றி எந்தப் பயனும் இல்லை.

ஸ்க்ரூடிரைவரைத் தொடுவதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். இரண்டு சுவிட்சுக்கும் சேர்த்து மொத்தம் நான்கு நிலைதான்: மேல்-மேல், மேல்-கீழ், கீழ்-மேல், கீழ்-கீழ். நான்கையும் போட்டுப் பார்த்து எதில் எரிகிறது என்று எழுதுங்கள். ஒயரிங் சரியாக இருந்தால் நான்கில் இரண்டில் எரியும், எந்தச் சுவிட்சைத் தட்டினாலும் நிலை மாறும். நான்கிலும் எரியாவிட்டால் பல்ப், ஹோல்டர், ஃபேஸ் (கரண்ட் வரும் ஒயர்), நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்) பக்கம் போங்கள். இரண்டில் எரிந்தும் ஒரு சுவிட்ச் மட்டும் எப்போதும் சும்மாவே இருந்தால் அதன் உள்ளே ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு ஒரே ஒரு நிலையில்தான் எரியும்.

அந்த 'ஒன்று' வந்தால் காரணம் மூன்றில் ஒன்று. இப்படி ஒரே லைட்டை இரண்டு இடத்திலிருந்து போடுகிற டூ-வே சுவிட்சின் பின்னால் மூன்று முனை இருக்கும். ஒன்று காமன், அதாவது பொது முனை, ஒரு சுவிட்சில் ஃபேஸும் மற்றதில் பல்புக்குப் போகும் ஒயரும் அதில்தான் இருக்கும். மற்ற இரண்டிலிருந்தும் இரண்டு ஒயர்கள் அடுத்த சுவிட்சுக்குப் போகும். காமனில் இருக்க வேண்டிய ஒயரைப் பக்கத்து முனையில் மாற்றிப் போட்டிருக்கலாம், அல்லது அந்த இரண்டு ஒயரில் ஒன்று அறுந்தோ கழன்றோ இருக்கலாம், அல்லது சுவிட்சுக்குள் ஒரு பக்கக் கான்டாக்ட் (தொட்டுக் கரண்ட் கடத்தும் உலோகத் துண்டு) கருகியிருக்கலாம். வெளியே தெரிகிற அறிகுறி மூன்றுக்கும் அச்சு அசல் ஒன்றே. அதனால் நான் முதலில் கேட்பது, சமீபத்தில் யாராவது அந்தச் சுவிட்சை மாற்றினார்களா என்பதுதான். மாற்றிய பிறகு வந்த கோளாறு என்றால் பெரும்பாலும் காமன்தான். யாரும் கை வைக்காமல் தானாக வந்ததென்றால் ஒயர் அல்லது கான்டாக்ட்.

எனக்கே இது நடந்திருக்கிறது. பழைய சுவிட்சில் காமன் நடுவில் இருந்தது, புதியதில் ஓரத்தில், நான் பாட்டுக்கு பழைய இடத்தைப் பார்த்தே முறுக்கிவிட்டேன், அப்புறம் அரை நாள் சீலிங்கைக் குடைந்துகொண்டிருந்தேன். பின்பக்கம் 'சி' என்றோ 'காம்' என்றோ பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள். ஒயர் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், கழற்றுமுன் போனில் ஒரு படம் எடுத்து, காமன் ஒயரில் துண்டு டேப் ஒட்டிவிடுங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். லைட் அணைந்திருந்தாலும் சுவிட்சுக்குள் கரண்ட் இருக்கும், அந்த இரண்டு ஒயரில் ஏதோ ஒன்று எப்போதும் ஃபேஸில்தான் இருக்கும். சுவிட்சை அணைத்ததை நம்பிக் கை வைக்காதீர்கள். டெஸ்டரை முதலில் கரண்ட் உள்ள ஒரு பிளக்கில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு, மெயினை அல்லது அந்த லைனின் எம்.சி.பி.யை (போர்டில் உள்ள பாதுகாப்பு சுவிட்ச்) இறக்குங்கள், பிறகு எல்லா முனையிலும் வைத்துப் பாருங்கள்.

மல்டிமீட்டர் (மின் அளவு பார்க்கும் கருவி) இருந்தால் மீதி சுலபம், இணைப்பு இருந்தால் 'பீப்' அடிக்கும் நிலையில் அதை வையுங்கள். கழற்றிய சுவிட்சில் காமனுக்கும் ஒரு முனைக்கும் 'பீப்' வரவேண்டும், தட்டினால் அந்த பீப் அடுத்த முனைக்கு மாறவேண்டும். ஏதாவது ஒரு பக்கம் வராவிட்டாலோ, இரண்டிலும் ஒரே நேரத்தில் வந்தாலோ சுவிட்சை மாற்றுங்கள். சுவிட்ச் நன்றாக இருந்தால், மெயின் இறக்கிய நிலையிலேயே ஒரு சுவிட்ச் பக்கம் அந்த இரண்டு ஒயரையும் கழற்றி ஒன்றாக முறுக்கி, அடுத்த சுவிட்ச் பக்கம் இரண்டுக்கும் இடையே மீட்டரை வையுங்கள். பீப் வராவிட்டால் சுவருக்குள் அறுந்திருக்கிறது, அதற்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

மூன்று இடத்திலிருந்து போடுகிற லைட் என்றால் நடுவில் நான்கு முனை உள்ள இன்டர்மீடியட் சுவிட்ச் இருக்கும், நிலைகள் எட்டு, நான்கில் எரியவேண்டும், எழுதிப் பார்ப்பது அதே மாதிரிதான்.