குழியாடியில் விழும் இணைக்கதிர்கள் எல்லாம் ஒரே புள்ளியில்தான் குவியுமா?

இல்லை, கோளத்தில் ஒரு துண்டை வெட்டியது போன்ற குழியாடியில் குவியாது. காம்பஸ் வைத்து வரைந்து பார்த்திருப்பீர்கள், விளிம்புக் கதிர் குவியத்துக்கு (கதிர்கள் கூடுவதாகப் பாடத்தில் சொல்லும் புள்ளிக்கு) போக மறுத்திருக்கும், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். படம் சரிதான், அழித்துவிடாதீர்கள்.

இதே படத்துக்கு ஒன்பதாம் வகுப்பில் எனக்கு மதிப்பெண் போனது. 10 செ.மீ. ஆரத்தில் வில் வரைந்திருந்தேன். கதிர் படும் இடத்தை வளைவு மையத்தோடு, அதாவது காம்பஸ் முள் குத்திய புள்ளியோடு, இணைத்தால் அதுதான் அந்த இடத்துக்குச் செங்குத்து. படுகோணம் எவ்வளவோ அதே அளவை மறுபக்கம் வைத்தால் எதிரொளித்த கதிர். வளைந்த ஆடிக்கென்று தனி விதி ஏதும் கிடையாது. ஆடியின் நடுவையும் வளைவு மையத்தையும் இணைக்கும் கோடுதான் அச்சு. அச்சிலிருந்து 1 செ.மீ. தள்ளி வந்த கதிர், ஆடியிலிருந்து ஏறக்குறைய 5 செ.மீ.யில் அச்சை வெட்டியது. 6 செ.மீ. தள்ளி வந்ததோ 3.75 செ.மீ.யிலேயே வெட்டிவிட்டது. "எல்லாக் கதிரும் குவியம் வழியாத்தான் போகணும்" என்று சிவப்பு மையில் அடித்துக் கொடுத்தார் ஆசிரியர்.

அவரைத் திட்ட இதை எழுதவில்லை. "அப்போ குவியத்தொலைவு ஆரத்தில் பாதி என்பது பொய்யா?" என்று யாராவது சண்டைக்கு வருவதற்குள் சொல்லிவிடுகிறேன்: பொய் இல்லை, அச்சை ஒட்டி வரும் கதிர்களுக்கு அது பொருந்தும். அந்த நிபந்தனையை விழுங்கிவிடுகிறார்களே என்பதுதான் என் வயிற்றெரிச்சல். அச்சுக்கு இணையாக வரும் அத்தனை கதிரும் ஒரே புள்ளிக்குப் போக வேண்டுமென்றால் ஆடி பரவளையமாக (டிஷ் ஆன்டெனா போன்ற வடிவில்) இருக்க வேண்டும்.

அதற்காகக் கோள ஆடி மோசம் என்றும் சொல்லிவிட முடியாது. ஆரோவில் சூரியச் சமையலறையின் மொட்டைமாடியில் 15 மீட்டர் விட்டத்தில் ஒரு கிண்ணம் இருக்கிறது, உள்ளே முழுக்கக் கண்ணாடித் துண்டுகள். அந்தக் கிண்ணம் அசையாது. கோளத்துக்கு எல்லாத் திசையும் ஒன்றுதான் என்பதால் சூரியன் எங்கே இருந்தாலும் வெளிச்சம் அதற்கேற்ற ஒரு கோட்டில் சேரும். அந்தக் கோட்டில் நீளமான கொதிகலனைப் பிடித்து, சூரியனோடு அதை மட்டும் நகர்த்துகிறார்கள். பரவளையத்தை இப்படி அசையாமல் விட்டால் வெயில் சாய்ந்ததும் குவியம் கலைந்துவிடும். எனக்கு மதிப்பெண் போன அதே குறையை வைத்து அங்கே நீராவியில் சோறு வேகிறது.

வீட்டிலேயே பார்க்க வேண்டுமா? எவர்சில்வர் டம்ளரில் பாதிக்குப் பால் ஊற்றிச் சாய்வெயிலில் வையுங்கள். பாலின் மேல் கூர்முனையோடு ஒரு வெளிச்ச வளைவு விழும். கதிர்களெல்லாம் ஒரே புள்ளியில் சேர்ந்திருந்தால் அங்கே பொட்டு மட்டும்தானே இருக்கும்?

இதைக் காட்ட ஆய்வகம்கூட வேண்டாம். ஆனால் எங்கள் பள்ளியில் ஆய்வகக் கட்டணம் மட்டும் தவறாமல் வாங்கினார்கள், குழியாடி பீரோவை விட்டு வெளியே வந்ததே இல்லை.