சைக்கிள் மிச்சப்படுத்திய பணம் எங்கே போனது?

கேள்வி: மடிப்பாக்கத்தில் வீடு, கிண்டி தொழிற்பேட்டையில் வேலை. ஒரு வழிக்கு எட்டு கிலோமீட்டர். ஒரு வருடமாக ஸ்கூட்டரை வீட்டில் வைத்துவிட்டு மாதம் 20 நாளாவது சைக்கிளில்தான் போகிறேன். மாதம் ₹2,000 மிச்சம் என்று நினைத்திருந்தேன், ஆனால் கையில் ஒன்றும் நிற்கவில்லை. அடுத்த வருடம் ஒரு நாள்கூட விடாமல் ஓட்ட ஆசை. அதற்காக ₹45,000-க்கு ஒரு கியர் சைக்கிளை வட்டியில்லா இஎம்ஐயில் வாங்கலாமா? மனைவி எப்போதாவது எடுக்கும் ஸ்கூட்டரை விற்றுவிடலாமா?
- ஒரு வாசகர், சென்னை

பதில்: முதலில் அந்த ₹2,000. மாதம் 320 கிலோமீட்டர், ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 தரும் என்று வைத்தால், ஏழு லிட்டர் பெட்ரோல். லிட்டர் ₹100 என்றால் சுமார் ₹700. வருடத்துக்கு ₹8,500 தாண்டாது. டயர், டியூப், பிரேக் கட்டை, ஒரு ஓவராயிலிங் எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்தைக் கழியுங்கள். ஸ்கூட்டர் சர்வீஸில் குறைந்ததைக் கொஞ்சம் கூட்டுங்கள். ஏழாயிரமோ எட்டாயிரமோதான் நிஜமான மிச்சம். (வழியில் டீ, வடை சாப்பிடுகிறவர் என்றால் அதுவும் சந்தேகம்தான்.)

அந்தப் பணமும் சம்பளக் கணக்கிலேயே கிடந்ததால் மளிகையோடு மளிகையாகப் போய்விட்டது. சம்பளம் வந்த மறுநாளே ₹700 ஆர்டிக்கு (மாதாமாதம் ஒரே தொகை கட்டும் தொடர் சேமிப்பு) போகும்படி செய்யுங்கள். அஞ்சலக ஆர்டியில் 6.7 சதவீத வட்டிக்கு ஐந்து வருடத்தில் ஏறக்குறைய ₹50,000 சேரும். அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது என்றால் வங்கியில் ஒரு வருட ஆர்டி போதும்.

இப்போது கியர் சைக்கிள். பெட்ரோல் மிச்சத்தை மட்டும் வைத்து ₹45,000-ஐ எடுக்க ஐந்து வருடத்துக்கு மேல் ஆகும். ஆக, இது சிக்கனம் இல்லை, ஆசை. ஆசைக்கு வாங்குவதில் தப்பே இல்லை, ஆனால் அதற்குரிய பணத்தில் வாங்குங்கள். வட்டியில்லா இஎம்ஐ என்றாலும் பிராசஸிங் கட்டணம் இருக்கும், தள்ளுபடியாகக் கழித்துக் காட்டும் வட்டிப் பகுதிக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி வரும், ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடியும் பல கடைகளில் போய்விடும். 12 மாதத் தவணை என்றால் மாதம் ₹3,750. எழுநூறு மிச்சப்படுத்த மூவாயிரத்து எழுநூறு கட்டுவதா? 2025 செப்டம்பரில் சைக்கிளுக்கான ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பாதி விலைக்குள்ளேயே நல்ல கியர் சைக்கிள் கிடைக்கும், ஓட்டிப் பாருங்கள்.

ஒரு நாள் விடாமல் ஓட்டுவது உங்கள் உடம்புக்கும் மனசுக்குமான இலக்கு. பணக் கணக்கில் மாதம் ஐந்து நாள் கூடுதலாக ஓட்டினால் கிடைப்பது ₹180. ஐப்பசி, கார்த்திகை மழையில், தண்ணீருக்கடியில் பள்ளம் எது ரோடு எது என்று தெரியாத நாளில், அந்த ₹180-க்காகக் கிளம்ப வேண்டாம். இதனாலேயே ஸ்கூட்டரை இப்போது விற்கவும் வேண்டாம். போன வருடம் அது எத்தனை நாள் வெளியே போனது என்று வீட்டில் கேளுங்கள். மாதம் இரண்டு மூன்று முறைதான் என்றால் ஆட்டோவே மலிவு, அப்போது விற்கலாம். வைத்திருக்கும் வரை தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் விட்டுப்போகக் கூடாது.

நீங்கள் கேட்காத ஒன்று, எனக்கு முக்கியமாகப் படுவது: விபத்துக் காப்பீடு. வேன் இடித்தால் அதன் இன்சூரன்ஸில் இழப்பீடு கேட்கலாம். இடித்துவிட்டு ஓடிவிட்டால் மத்திய அரசின் திட்டத்தில் பலத்த காயத்துக்கு ₹50,000, உயிரிழப்புக்கு ₹2 லட்சம். நீங்களாகப் பள்ளத்தில் விழுந்து கை முறிந்தால் இந்த இரண்டிலும் ஒரு பைசா வராது. வங்கியில் சொல்லி, வருடம் ₹20 பிடிக்கும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் இந்த வாரமே சேருங்கள். அது உயிரிழப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான், அதிகபட்சம் ₹2 லட்சம். அதனால் வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்குப் பணம் தரும் தனிநபர் விபத்து பாலிசி ஒன்றையும் பாருங்கள். அதன் பிரீமியத்தை இந்த வருட மிச்சத்திலிருந்தே கட்டலாம். ஆர்டியை அடுத்த மாதம் தொடங்கினாலும் பரவாயில்லை.