அமெரிக்க வெள்ளி சீனாவுக்கு ஏன் போனது?

உலக வரலாற்றின் திருப்புமுனை என்றால் எல்லோரும் கொலம்பஸ் அமெரிக்காவை அடைந்த 1492-ஐச் சொல்வார்கள். என் கணக்கில் 1571-ம் அதற்குச் சளைத்ததல்ல. அந்த ஆண்டு ஸ்பானியர்கள் பிலிப்பைன்ஸின் மணிலாவில் காலூன்றினார்கள். மெக்சிகோவின் அகாபுல்கோவிலிருந்து பசிபிக் வழியாக வெள்ளி அங்கே வந்து குவிந்தது.

அதில் கணிசமான பங்கு இன்றைய பொலிவியாவிலுள்ள பொட்டோசி மலையின் வெள்ளி. சுமார் 4,000 மீட்டர் உயரத்தில் பூர்வகுடிகளை முறைவைத்துக் கட்டாய வேலைக்கு இழுத்து வந்து தோண்டினார்கள். தாதுவில் பாதரசம் கலந்து வெள்ளியைப் பிரித்தார்கள், அந்த நஞ்சும் அவர்கள் தலையில்தான்.

சீனாவுக்கு எதற்கு வெள்ளி? அப்போது சீனாவை ஆண்ட மிங் அரசு வரியை வெள்ளியாகவே கேட்டது. அதனால் சீன வணிகர்கள் மணிலாவில் பட்டும் பீங்கானும் கொடுத்து வெள்ளியை வாங்கினார்கள். சுமார் 27 கிராம் எடையுள்ள ஸ்பானியக் காசின் தரத்தைச் சோதித்து, சீன வணிகர்கள் தங்கள் முத்திரையைக் குத்துவார்கள். பிற்காலக் காசுகளில் ஸ்பெயின் அரசரின் கன்னத்திலேயே குத்து விழுந்திருக்கும்!