ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு வந்த அப்பா கட்டிலை விட்டு இறங்க மறுக்கிறார், என்ன செய்வது?

கேள்வி: அப்பாவுக்கு 59 வயது, மளிகைக் கடை வைத்திருக்கிறார், பல வருஷமாகச் சர்க்கரை உண்டு. மூன்று வாரம் முன்பு விடிகாலையில் நெஞ்சு வலி வந்தது. மாரடைப்பு என்று சொல்லி அன்றே ஆஞ்சியோ பார்த்து, அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்க ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள், ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எக்கோவில் (இதய ஸ்கேன்) 'பம்பிங் 45 சதவீதம்' என்று இருப்பதால் பாதி இதயம் போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். பாத்ரூம் போகக்கூட அம்மா துணைக்குப் போக வேண்டும். ராத்திரி தூக்கமில்லை. பெரியப்பா மூன்று மாதம் அசையாமல் படுக்க வேண்டும் என்கிறார், டிஸ்சார்ஜ் சம்மரியில் 'நடக்கவும்' என்று எழுதியிருக்கிறது. யார் சொல்வதைக் கேட்பது? கடைக்கு எப்போது போகலாம்?

பதில்: முதலில் பெரியப்பாவின் மூன்று மாதத்தைப் பேசி முடித்துவிடலாம். அவர் அதைச் சும்மா கிளப்பிவிடவில்லை, ஒரு காலத்தில் மருத்துவர்களே அப்படித்தான் சொன்னார்கள். மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் படுக்கையிலேயே வைத்து, சோற்றைக்கூட ஊட்டிவிட்ட காலம் அது. 1952-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் சாமுவேல் லெவைன், பெர்னார்ட் லோன் என்ற இரண்டு மருத்துவர்கள், நோயாளிகளைச் சீக்கிரமே கட்டிலிலிருந்து இறக்கி நாற்காலியில் உட்கார வைத்த அனுபவத்தை எழுதினார்கள். கூட வேலை பார்த்தவர்களே அதை எதிர்த்தார்கள். ஆனால் உட்கார்ந்தவர்கள் நன்றாகவே தேறினார்கள். படுத்தே கிடந்தவர்களுக்குத்தான் காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்து, மாரடைப்பில் பிழைத்தும் அதில் உயிர் போனது. இன்றைக்கு ஸ்டென்ட் வைத்து, வேறு சிக்கல் எதுவும் இல்லையென்றால் ஓரிரு நாளிலேயே வார்டில் நடக்க வைத்துப் பார்த்துத்தான் வீட்டுக்கு அனுப்புகிறோம். அதனால் இந்த விஷயத்தில் சம்மரி சொல்வதுதான் சரி. பெரியப்பாவிடம் சண்டை வேண்டாம், அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், டாக்டர் வாயால் கேட்டால் அடங்கிவிடுவார்.

அடுத்தது அந்த 45. நோயாளிகளை இந்த அளவுக்குப் பயமுறுத்துகிற எண் வேறு எதுவும் இல்லை, அதை விளக்காமல் தாளை மட்டும் கையில் கொடுத்து அனுப்புவது எங்கள் தொழிலில் இருக்கிற கெட்ட பழக்கம். இடது கீழறையில் நிரம்பிய ரத்தத்தில் எத்தனை பங்கு ஒரு துடிப்பில் வெளியே போகிறது என்பதுதான் அந்தக் கணக்கு. யாருக்கும் அது நூறு இருக்காது. ஓடியாடுகிற ஆரோக்கியமான ஆளுக்கே கிட்டத்தட்ட 55-இலிருந்து 70 வரைதான். ஆக அப்பாவின் 45-ஐ நூறோடு ஒப்பிடக்கூடாது, 55-ஓடு ஒப்பிட வேண்டும். லேசான குறைவு, அவ்வளவுதான். அதோடு அந்த எக்கோ மாரடைப்பு வந்த சூட்டோடு எடுத்தது. ரத்தம் கிடைக்காமல் தவித்த தசையில் ஒரு பகுதி செத்துப்போயிருக்காது, அதிர்ச்சியில் வேலையை நிறுத்திவைத்திருக்கும், அடைப்பு நீங்கியபின் சில வாரங்களில் மெல்ல மீண்டுவிடும். அதனால்தான் ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் எக்கோவைத் திரும்ப எடுக்கச் சொல்கிறோம். பலருக்கு எண் ஏறியிருக்கும். ஏறாவிட்டாலும் 45-ஐ வைத்துக்கொண்டு கடை நடத்துகிறவர்கள், வயலில் வேலை பார்க்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். இதை அப்பாவிடம் நீங்களே உட்கார்ந்து சொல்லுங்கள். அவருடைய பயத்தில் பாதி இந்த எண்ணில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மீதிப் பயம் ராத்திரியில் வருவது. வலி விடிகாலையில் வந்ததால் அந்த நேரம் நெருங்கும்போதே உடம்பு விழித்துக்கொள்ளும். நாடியைப் பிடித்துப் பார்ப்பது, பிரஷர் மெஷினை மறுபடி மறுபடி மாட்டிப் பார்ப்பது, நெஞ்சில் எறும்பு கடித்தாலும் எழுந்து உட்காருவது எல்லாம் நடக்கும். ஐசியுவில் இரவு பகல் தெரியாத வெளிச்சம், மெஷின் சத்தம், பக்கத்துப் படுக்கையில் நடந்ததைப் பார்த்தது, இதெல்லாம் சேர்ந்து தூக்கத்தைக் குலைத்திருக்கும், அது திரும்ப வாரங்கள் ஆகும். அம்மாவும் அவர் மூச்சு ஓடுகிறதா என்று கேட்டுக்கொண்டு விழித்திருப்பார், அவருக்கும் ஒரு ராத்திரியாவது நிம்மதியான தூக்கம் ஏற்பாடு செய்யுங்கள். பிரஷரைக் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு பார்த்தால் போதும். நாடி 55, 60 என்று இருந்தால் பயப்படாதீர்கள், மெட்டோப்ரோலால் மாதிரி மாத்திரை போட்டால் அப்படித்தான் இருக்கும், அதற்காகத்தான் அந்த மாத்திரையே. ஆனால் இரண்டு வாரத்துக்கும் மேலாக எதிலும் பிடிப்பில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, அழுகை வருகிறது, 'நான் இருந்து என்ன' என்கிற பேச்சு வருகிறது என்றால் அதை வயசு, சோர்வு என்று தள்ளிவிடக்கூடாது. மாரடைப்புக்குப் பின் மனச்சோர்வு சர்வ சாதாரணம், அதற்கு மருந்தும் உண்டு. கவனிக்காமல் விட்டால் ஆள் மாத்திரையையும் ஒழுங்காகப் போடமாட்டார், நடக்கவும் மாட்டார்.

நடை விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வாரம் படுத்தவருக்கு இதயத்தைவிடக் கால் தசைதான் அதிகம் இளைத்திருக்கும். நாலு எட்டு வைத்ததும் மூச்சு வாங்கும், அதை அவர் இதயம் கெட்டுவிட்டதன் அடையாளம் என்று எடுத்துக்கொள்வார். அதனால் சிறியதாகத் தொடங்குங்கள். வீட்டுக்குள்ளோ வாசலிலோ சமதளத்தில் ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை. இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் கூட்டிக்கொண்டே போனால், இன்னும் நாலைந்து வாரத்தில் ஒரே நடையாக அரை மணி நேரம் வந்துவிடும். வேகத்துக்கு ஒரு அளவு: நடக்கும்போது உங்களோடு பேச முடிய வேண்டும், பாட முடியாத அளவுக்கு மூச்சு கொஞ்சம் ஏற வேண்டும். நாடியை எண்ணி வேகம் பார்ப்பது நாடியைக் குறைக்கிற மாத்திரை போடுகிறவருக்குச் சரிவராது. சாப்பிட்ட உடனே நடக்க வேண்டாம், ஒரு மணி நேரமாவது போகட்டும். உச்சி வெயிலில் வேண்டவே வேண்டாம். படுக்கையிலிருந்து எழும்போது ஒரு நிமிடம் விளிம்பில் உட்கார்ந்துவிட்டு எழச் சொல்லுங்கள், பிரஷர் மாத்திரையால் தலை சுற்றலாம். மாடிப்படி ஏறலாம், மெதுவாக, நடுவில் நின்று. மாவட்டத்துக்கு மாவட்டம் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று தமிழ்நாடு அரசு 2023-இல் தொடங்கிய 8 கிலோமீட்டர் நடைபாதை இருக்கிறது, அந்த எட்டுக் கிலோமீட்டர் இப்போதைக்கு வேண்டாம். முதல் சில நாள் நீங்களோ அம்மாவோ கூட நடங்கள், அப்புறம் ஒரு நாள் வாசலிலேயே நின்றுவிட்டு அவரைத் தனியாகத் தெருமுனை வரை அனுப்புங்கள். பாத்ரூமுக்குத் துணை போவதை இன்றைக்கே நிறுத்திவிடலாம், கதவைத் தாழ்ப்பாள் போடாமல் சாத்தச் சொன்னால் போதும். முக்க வேண்டிய அளவுக்கு மலச்சிக்கல் இருந்தால் அதைச் சகித்துக்கொள்ளாமல் டாக்டரிடம் மருந்து கேளுங்கள்.

சரி, மாத்திரை. இந்தப் பதிலில் ஒரே ஒரு விஷயம்தான் நினைவில் நிற்கும் என்றால் இது நிற்கட்டும். ஆஸ்பிரினும், அதோடு கொடுத்திருக்கிற குளோபிடோக்ரெல் அல்லது டிகாக்ரெலார் அல்லது பிராசுக்ரெலும் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறையாமல் தடுப்பவை. மாரடைப்புக்காக ஸ்டென்ட் வைத்தவருக்கு வழக்கமாக இரண்டையும் ஒரு வருஷம் தருவோம், பிறகு ஒன்றைத் தொடர்வோம். முதல் சில மாதத்தில் இவற்றை நிறுத்தினால் ஸ்டென்டே திடீரென்று அடைத்துக்கொள்ளும், அது முதல் மாரடைப்பைவிட மோசமாகப் போகலாம். நிறுத்துகிறவர்கள் யாரும் வேண்டுமென்று நிறுத்துவதில்லை. பல் பிடுங்கப் போவார்கள், அங்கே 'ரத்தம் நிற்காது, ஐந்து நாள் நிறுத்திவிட்டு வாருங்கள்' என்பார்கள், இவர்களும் நிறுத்திவிடுவார்கள். யார் சொன்னாலும் இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது. டிகாக்ரெலார் சிலருக்கு லேசாக மூச்சு வாங்குவது போல ஓர் உணர்வைத் தரும், பிரஷருக்கும் இதயத்துக்கும் தருகிற ராமிப்ரில் வறட்டு இருமல் தரும், இரண்டுக்கும் மாற்று உண்டு, போய்ச் சொன்னால் மாற்றித் தருவார்கள். விலை கட்டுப்படியாகவில்லை என்றாலும் வெட்கப்படாமல் சொல்லுங்கள், விலை குறைந்த மாற்று இருக்கிறது, மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் இரண்டிலும் விசாரியுங்கள். சத்தமில்லாமல் ஒரு வேளையைக் குறைத்துப் போடுவதுதான் ஆபத்து. கொலஸ்ட்ரால் மாத்திரையும் அப்படித்தான், ரிப்போர்ட்டில் கொலஸ்ட்ரால் நார்மல் என்று வந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். நார்மலாக இருப்பதே மாத்திரையால்தான், அதோடு மற்றக் குழாய்களில் இருக்கிற சின்னச் சின்னப் படிவுகள் வெடிக்காமல் காப்பதும் அதுதான். ஸ்டென்ட் ஒரு இடத்து அடைப்பைத்தான் திறந்திருக்கிறது.

மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் டைக்ளோபினாக் வாங்கிப் போடுவது, ஊசி போட்டுக்கொள்வது இனிமேல் கூடாது. அந்த வகை மருந்துகள் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் கெடுதல், ஆஸ்பிரினோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவும் வரலாம். வலி என்றால் பாராசிட்டமால். இஞ்சி, பூண்டு, எலுமிச்சை, ஆப்பிள் சைடர் வினிகர், தேன் கலந்து காய்ச்சிய 'அடைப்பைக் கரைக்கும்' சாறு உங்கள் வீட்டு வாட்ஸ்அப்பிலும் வந்திருக்கும். அது எந்த அடைப்பையும் கரைக்காது, அதிலுள்ள தேன் சர்க்கரையை ஏற்றும்.

சாப்பாட்டில் பெரிய மர்மம் இல்லை. உப்பு மொத்தமாக நாளுக்கு ஒரு டீஸ்பூன், அதாவது 5 கிராமுக்குள், அதில் ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் எல்லாம் கணக்கில் வரும். பொரித்ததைக் குறைத்து, சோற்றின் அளவைக் குறைத்து, காய், பருப்பு, சுண்டல், குழம்பு மீன் கூட்டினால் சரி. நான் அதிகம் கவலைப்படுவது வேறு ஒன்றுக்கு: ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் என்று அரை டம்ளர் கஞ்சியும் இரண்டு இட்லியும் மட்டும் கொடுத்துவிட்டு, சர்க்கரை மாத்திரையை மட்டும் பழைய அளவிலேயே போடுகிறார்கள். சில மாத்திரைகளில் சர்க்கரை சரிந்து வியர்த்துக் கொட்டும், வீடே மறுபடியும் மாரடைப்பு என்று அலறும். மெட்டோப்ரோலால் போடுகிறவருக்குச் சர்க்கரை குறையும்போது வருகிற படபடப்பு தெரியாது, வியர்வை மட்டும்தான் தெரியும். குளுக்கோமீட்டர் ஒன்று வீட்டில் இருக்கட்டும். நலம் விசாரிக்க வருகிறவர்கள் கொண்டுவருகிற ஹார்லிக்ஸையும் பழத்தையும் நீங்கள் சாப்பிடுங்கள். இதே மாதிரி ஸ்டென்ட் வைத்த இன்னாருக்கு என்ன ஆச்சு தெரியுமா என்று ஆரம்பிக்கிறவர்களை காபி கொடுத்துச் சீக்கிரம் அனுப்பிவிடுங்கள்.

பீடி, சிகரெட் இருந்தால் ஆஸ்பத்திரியில் விட்டது விட்டதாகவே இருக்கட்டும், ஒன்று மட்டும் என்று தொடங்கக்கூடாது.

பிள்ளையாக நீங்கள் கேட்க முடியாத ஒன்று, அப்பாவும் எங்களிடம் கேட்கமாட்டார், இந்தப் பகுதியை அவரையே படிக்கச் சொல்லுங்கள். இரண்டு மாடி நெஞ்சு வலியோ மூச்சுத்திணறலோ இல்லாமல் ஏற முடிகிறவர் தாம்பத்தியத்துக்குத் திரும்பலாம். ஆனால் சில்டெனாபில் (வயாகரா) வகை மாத்திரையைக் கேட்காமல் போடக்கூடாது, நெஞ்சு வலிக்கு நாக்குக்கடியில் வைக்கிற சார்பிட்ரேட்டோடு அது சேர்ந்தால் பிரஷர் அதலபாதாளத்துக்குப் போகும்.

கடை. கல்லாவில் உட்காருவது வேறு, அரிசி மூட்டை தூக்குவது வேறு. நடை ஒரு இருபது நிமிடத்துக்கு வந்துவிட்டால், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, மாலையில் ஒரு மணி நேரம் கடையில் உட்கார வையுங்கள். எனக்குத் தெரிந்து அந்த ஒரு மணி நேரம் பல பேருக்குத் தூக்க மாத்திரையைவிட நன்றாக வேலை செய்கிறது, வாடிக்கையாளர் வந்து பேசுவார்கள், கணக்கில் மனசு போகும். அப்புறம் மெல்ல நேரத்தைக் கூட்டலாம். மூட்டை இறக்குவது, ஷட்டரை இழுப்பது போன்ற முக்குகிற வேலையெல்லாம் குறைந்தது திரும்ப எக்கோ எடுக்கும்வரை வேறு ஆள் செய்யட்டும். பைக்கையும் அடுத்த செக்கப்பில் கேட்டுவிட்டு எடுக்கலாம்.

எப்போது ஓட வேண்டும் என்பதையும் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்படி சொல்லிவையுங்கள். விரலால் ஒரு இடத்தைக் காட்டி இங்கே சுருக்கென்றது, அழுத்தினால் வலிக்கிறது என்பது பெரும்பாலும் இதயம் இல்லை. நெஞ்சு முழுக்க அழுத்தி, கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்த்தால், அல்லது அந்த முதல் நாள் மாதிரியே இருக்கிறது என்று அவரே சொன்னால், உட்கார வைத்து, டாக்டர் சார்பிட்ரேட் கொடுத்திருந்தால் ஒன்றை நாக்குக்கடியில் வையுங்கள். ஐந்து நிமிடத்தில் அடங்காவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள். நின்றுகொண்டு அந்த மாத்திரையைப் போட்டால் மயங்கி விழலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் திடீர் மூச்சுத்திணறலும் வியர்வையும் மட்டும் வரலாம், அதற்கும் காத்திருக்க வேண்டாம். பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோகாதீர்கள். அவசரம் இல்லாவிட்டாலும் அன்றோ மறுநாளோ டாக்டரைப் பார்க்க வேண்டியவை: தட்டையாகப் படுத்தால் மூச்சு முட்டுவது, கால் வீக்கம், இரண்டு மூன்று நாளில் எடை இரண்டு கிலோ ஏறுவது. மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் அன்றைக்கே.

டிஸ்சார்ஜ் சம்மரி, ஆஞ்சியோ ரிப்போர்ட், ஸ்டென்ட் அட்டை, மாத்திரைச் சீட்டு நான்கையும் படம் எடுத்து உங்கள் போனிலும் அம்மா போனிலும் அப்பா போனிலும் வைத்துவிடுங்கள்.