சேலைக்கு ஒரு தவணை, அலமாரிக்கு இன்னொரு தவணையா?

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். இருவருக்கும் சேர்த்து மாதம் 71,000 ரூபாய் வருகிறது. தாம்பரம் பக்கம் இரண்டு படுக்கையறை வாடகை வீட்டில் இருக்கிறோம். துணி வைக்க இடமே இல்லை. கடப்பா கல் செல்ஃப் நான்கு தட்டும் நிரம்பி, ஒரு சேலையை உருவினால் பத்து சேலை தலையில் விழுகிறது. என் சீர் பீரோவின் பூட்டு இறுகிப்போய், அடிப்பகுதி துருப்பிடித்துக் கிடக்கிறது. ஓர் இன்டீரியர் நிறுவனத்தில் மாடுலர் வார்ட்ரோப் செய்ய 1,80,000 ரூபாய் கேட்டார்கள். 11 சதவீத ஃப்ளாட் வட்டியில் மூன்று வருடக் கடனும் அவர்களே ஏற்பாடு செய்கிறார்களாம். மாதம் 6,650 ரூபாய், சமாளித்துவிடலாம் என்று தோன்றுகிறது. முன்பதிவுக்கு 5,000 கட்டிவிட்டோம். ஏற்கெனவே 90,000 ரூபாய் நகைக்கடன் இருக்கிறது, ஒரு ரூபாய் வட்டி. என் நாத்தனார் வீட்டில் சேலை வியாபாரம் செய்கிறார். அவரிடம் நான்கு வருடமாக மாதம் 2,500 ரூபாய் சேலைச் சீட்டுக் கட்டுகிறேன், இந்தச் சுற்றில் இன்னும் நான்கு மாதம் பாக்கி. பிளவுஸ் தைக்காத சேலையே 22 இருக்கிறது. யூடியூபில் நாமே அலமாரி ஒழுங்குபடுத்தும் வீடியோக்கள் நிறையப் பார்த்தேன். கடன் வாங்கலாமா, அல்லது அப்படி ஏதாவது செய்து சமாளிக்கலாமா?

பதில்: வரவு செலவை நோட்டில் எழுதுங்கள், அவசரத்துக்குக் கொஞ்சம் ஒதுக்குங்கள் என்றெல்லாம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடிதத்திலேயே ஒவ்வொரு ரூபாயும் கணக்காக இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கில் முக்கியமான வரியைக் கடைசியில், போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சேலைச் சீட்டைத்தான் சொல்கிறேன்.

மாதம் 2,500 என்றால் நான்கு வருடத்தில் 1,20,000 ரூபாய். சேலை சராசரி 1,000 ரூபாய் என்று வைத்தால் 120 சேலை. அவற்றில் உண்மையிலேயே பிடித்து எடுத்தவை எத்தனை என்று யோசித்துப் பாருங்கள். தவணை கட்டியாயிற்று, அதற்கு ஏதாவது எடுக்க வேண்டுமே என்று எடுத்தவைதான் அதிகம் இருக்கும். அதனால்தான் 22 சேலை தையல்காரரிடமே போகவில்லை. ஃபால்ஸ், ஓரம் அடிக்கும் கூலி, லைனிங் பிளவுஸ் தையல் எல்லாம் சேர்த்தால் சேலைக்கு 600, 700 ரூபாய் ஆகிறது. ஆக 22 சேலையையும் உடுத்தும்படி செய்ய இன்னும் 14,000 ரூபாய் வேண்டும். மனது வராததில் வியப்பில்லை.

இப்போது அந்தத் துணிகளை வைக்க 1,80,000 ரூபாய்க்கு அலமாரி. ஃப்ளாட் வட்டி என்றால் நீங்கள் அடைத்துக்கொண்டே வந்தாலும் வட்டி முழு அசலுக்கும் ஓடும். 1,80,000-க்கு 11 சதவீதம், மூன்று வருடம்: வட்டி மட்டும் 59,400. மொத்தம் 2,39,400. வங்கிகள் சொல்லும் குறையும் இருப்பு வட்டிக்கு, அதாவது மிச்சமிருக்கும் அசலுக்கு மட்டும் ஓடும் வட்டிக்கு, மாற்றிப் பார்த்தால் இது கிட்டத்தட்ட 19.5 சதவீதம். 2 சதவீதம் பரிசீலனைக் கட்டணமும் கேட்பார்கள் என்று வைத்துக்கொண்டால் 21 சதவீதத்தைத் தொட்டுவிடும். நகைக்கடனின் ஒரு ரூபாய் வட்டி வருடத்துக்கு 12 சதவீதம்தான். அதையே அடைக்க முடியாமல் இருக்கும்போது 21-க்குப் போவானேன்? உங்களிடம் மொத்தம் 150 சேலை இருக்கும் என்று வையுங்கள். 1,000 ரூபாய்ச் சேலை ஒன்றைப் படுக்க வைக்க 1,600 ரூபாய் செலவழிக்கப் போகிறீர்கள்.

'11 சதவீதம்தானே' என்று அந்த விற்பனையாளர் சொன்னால், கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட் எங்கே என்று கேளுங்கள். 2024 அக்டோபர் முதல் இதுபோன்ற கடன்களுக்கு ரிசர்வ் வங்கி அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. கட்டணங்களையும் சேர்த்து ஆண்டுக்கு உண்மையில் எத்தனை சதவீதம் என்று அதில் போட்டே ஆக வேண்டும். இன்டீரியர் பேக்கேஜ் விற்பவர்கள் சதுர அடிக் கணக்கு, கதவு நிறம், உள்ளே எரியும் விளக்கு எல்லாவற்றையும் விவரமாகக் காட்டுவார்கள். இந்த ஒரு காகிதம் மட்டும் கடைசியில்தான் வரும், அதுவும் ஓடிபி கேட்கும் நேரத்தில்.

இன்னொன்று. நீங்கள் இருப்பது வாடகை வீடு. ஒப்பந்தம் வழக்கம்போல 11 மாதத்துக்குத்தான் இருக்கும். கடனோ 36 மாதம். இடையில் வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னால் வார்ட்ரோப்பைக் கழற்றலாம்தான். ஆனால் மரத்தூளை அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டாக இருந்தால், ஒருமுறை முடுக்கிய ஸ்க்ரூ ஓட்டை இரண்டாவது முறை அவ்வளவு இறுக்கமாகப் பிடிக்காது. புது வீட்டுச் சுவரின் அளவும் ஒத்துவர வேண்டும். அந்த 5,000-ஐத் திருப்பித் தரச் சொல்லி மின்னஞ்சலில் கேளுங்கள். தராவிட்டால் போகட்டும். 5,000 போச்சே என்று 2,39,400-க்குத் தலையாட்டாதீர்கள்.

சரி, நாத்தனார் விஷயம். நான்கு மாதப் பாக்கியைக் கட்டிவிடுங்கள். பாதியில் நிறுத்தினால் வரும் சண்டைக்கு 10,000 ரூபாய் குறைந்த விலைதான். அதற்கு ஈடாக எடுக்கும் சேலைகளை உங்களுக்கு எடுக்காமல், தீபாவளிக்கு மாமியாருக்கும் உங்கள் அம்மாவுக்கும் எப்படியும் வாங்குவீர்களே, அந்தக் கணக்கில் எடுங்கள். அடுத்த சுற்றில் பெயர் எழுத வேண்டாம். இதைச் சொல்ல வேண்டியவர் உங்கள் கணவர். அவருடைய அக்காவிடம் அவர் சொன்னால் அது குடும்பப் பேச்சு. நீங்கள் சொன்னால் அது வேறு பேச்சாகிவிடும், உங்களுக்கே தெரியும்.

'அவருக்கும் பிழைப்பு ஓடணுமே' என்று நீங்கள் நினைக்கலாம். நியாயம்தான். அதற்கும் வழி இருக்கிறது. தைக்காத அந்த 22 சேலையையும் அவரிடமே விற்கக் கொடுங்கள். வாடிக்கையாளர்கள் அவரிடம்தானே இருக்கிறார்கள். பழைய சரக்கு என்று 600 ரூபாய்க்குப் போனாலும் 13,200 வரும். சேலைக்கு 100 ரூபாய் அவருக்குக் கமிஷன், 2,200. உங்கள் கைக்கு 11,000. அவருக்கு முதல் போடாமல் வருமானம், உங்களுக்கு ஒரு தட்டு காலி.

அந்த 11,000-இல் அலமாரி வேலையே முடிந்துவிடும். முதலில் பீரோ. பழைய இரும்பு பீரோவின் தகடு இன்றைக்கு வருவதைவிடத் தடிமன், அதைத் தூக்கிப் போடாதீர்கள். பூட்டு, கீல் வேலைக்கு ஆளைக் கூப்பிட்டால் 1,500 ரூபாய்க்குள் முடியும். துருவை உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கை, காய்ந்ததும் எனாமல் பெயின்ட் இரண்டு கை. சாமான் 900 ரூபாய், ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. கால்களுக்கு அடியில் பலகைத் துண்டு வையுங்கள், இல்லையென்றால் வீடு துடைக்கும் தண்ணீரில் மறுபடியும் துருப்பிடிக்கும்.

செல்ஃபில் சேலை சரிவதற்குக் காரணம், ஒன்றன்மேல் ஒன்றாகக் கூரை வரை அடுக்குவது. செல்ஃபின் ஆழத்துக்குப் பொருந்தும் அட்டைப் பெட்டிகளை மளிகைக் கடையில் கேட்டு வாங்கி, மேல் மூடிகளை வெட்டிவிட்டு, உள்ளே சேலைகளைப் புத்தகம் போல நிற்க வையுங்கள். பெட்டியை இழுத்து, வேண்டியதை உருவலாம், பக்கத்துச் சேலை அசையாது. பிளவுஸை அதன் சேலை மடிப்புக்குள்ளேயே வைத்துவிட்டால் காலையில் தேடும் வேலை மிச்சம். பெட்டிக்கு மேலே ஒட்டத் துணி, பசை, லேபிள் எல்லாம் 700 ரூபாய். செல்ஃபுக்கு முன்னால் ஸ்பிரிங் கம்பியில் திரை, பழைய டபுள் பெட்ஷீட்டே போதும். கம்பி, கொக்கி, தையல் கூலி 600. ஆணி அடிக்கும் முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அப்புறம் அட்வான்ஸில் கழிப்பார்.

பட்டுச் சேலைகள் பெட்டிக்குள் வேண்டாம், பீரோவுக்குப் போகட்டும். பழைய வேட்டித் துணியில் சுற்றி, சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஜரிகை மடிப்பிலேயே விட்டுப்போகும். வசம்பு நாலு துண்டு போதும், ரசகற்பூர உருண்டை ஜரிகையில் படக்கூடாது. காற்றை உறிஞ்சி எடுக்கும் பிளாஸ்டிக் பைகளை இணையத்தில் தள்ளுபடியில் விற்கிறார்கள், பட்டுக்கு அது ஆகாது. அதேபோல வீடியோவில் காட்டும் ஆர்கனைசர் செட், ஒட்டும் கொக்கி, க்ளூ கன் என்று கூடை நிரப்பினால் அதுவே இன்னொரு 5,000 ஆகிவிடும். நாமே செய்வது என்று ஆரம்பித்து, செய்வதற்கான சாமானை வாங்கியே ஓய்ந்தவர்களை நிறையப் பார்க்கிறேன்.

குழந்தைகள் துணிக்கும் போர்வைக்கும் ஐந்து தட்டு இரும்பு ஆங்கிள் ரேக் ஒன்று, 2,800 ரூபாய். வீடு மாறினால் போல்ட்டைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போகலாம். எல்லாம் சேர்த்து 6,500. பகுதிக்குப் பகுதி விலை கொஞ்சம் கூடக் குறைய இருக்கும், 8,000-ஐத் தாண்டாது.

தவணைக்கென்று மனதில் ஒதுக்கிய 6,650 இருக்கிறதே, அதை இந்த மாதமே நகைக்கடனில் கட்டத் தொடங்குங்கள். நான்கு மாதம் கழித்துச் சீட்டுப் பணம் 2,500-உம் சேர்ந்தால் 9,150. இப்படிக் கட்டினால் ஏறக்குறைய ஒரு வருடத்தில் 90,000-உம் வட்டியும் தீர்ந்து நகை வீட்டுக்கு வந்துவிடும். கட்டும் ஒவ்வொரு முறையும் அசலில் எவ்வளவு கழிந்தது என்று ரசீதில் பார்த்து வாங்குங்கள்.

ரேக்கை மட்டும் உடனே வாங்க வேண்டாம். 22 சேலையும் போய், பீரோவும் திறந்த பிறகு ஒரு மாதம் பாருங்கள். தேவைப்படாமலே போகலாம்.